பழைய ஆம்ப் பார்க்கப் போகிறவர்

வாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைக்குப் போவார், பணத்தைக் கொடுப்பார், பொருளைத் தூக்கிக்கொண்டு வருவார், வீட்டில் திட்டு வாங்குவார், நிம்மதியாகத் தூங்கிவிடுவார். நான் சொல்ல வந்தது பார்க்கப் போகிறவரைப் பற்றி. இவர் பொருளைப் பார்க்கப் போவார். பார்த்துவிட்டு வருவார். வந்து, பார்த்ததைப் பற்றிப் பேசுவார். பேசி முடித்ததும் இன்னொன்றைப் பார்க்கப் போவார். இவர் கையில் பை இருக்கும். பை போன மாதிரியே திரும்பி வரும்.

எல்லாத் தெருவிலும் இந்த இனத்தார் இருக்கிறார்கள். சைக்கிள் பார்க்கிறவர், கட்டில் பார்க்கிறவர், வாடகை வீடு பார்க்கிறவர் என்று பல கிளைகள். ஆனால் இந்த இனத்தின் முழு அழகையும் காண வேண்டுமானால், கையில் குறைந்த பணத்தோடும் நெஞ்சில் நிறைந்த ஆசையோடும், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வதற்காகப் பழைய கிட்டார் ஆம்ப் தேடிக் கிளம்பியவரைக் காண வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. அவர் என் அண்ணன்.

ஆம்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மின்சார கிட்டாரைத் தனியாக மீட்டினால் ஜன்னல் வலையை நகத்தால் சுரண்டிய மாதிரிதான் கேட்கும். ஒரு ஒயரை அதில் சொருகி, மறுமுனையை ஒரு பெட்டியில் சொருகினால் அந்தப் பெட்டி அதற்குக் குரல் கொடுக்கும். முன்னால் ஸ்பீக்கர், மேலே ஐந்தாறு திருகுகள், பின்னால் தூசி. அவ்வளவுதான் ஆம்ப். இந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை மட்டும் என் அண்ணன் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். பன்னிரண்டு வருடமாக, காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை, இருட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

“இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?”

“ரெண்டும் ஒண்ணுதாங்க.”

“ஒண்ணா இருக்க முடியாதுங்க. நிதானமாப் பாருங்க. இது... இல்ல இது?”

இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருடம் பிறரிடம் கேட்ட மனிதர் தன்னிடம் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

ஆரம்பம் நல்ல ஆரம்பம். அண்ணிக்கு மூன்றாவது மாதம். அண்ணன் ஒரு தாலாட்டு மெட்டு போட்டிருந்தார். வார்த்தை கிடையாது, பாட அவருக்குக் கூச்சம், வெறும் கிட்டார்தான். இரண்டு நிமிடம் வரும். ஒரு மாலை, நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“புள்ள தூங்கற நேரம் எல்லாம் நான் கடையில இருப்பேன். நான் இல்லாட்டியும் என் வாசிப்பாவது வீட்டுல இருக்கணும். ரெக்கார்ட் பண்ணி வச்சிடறேன். அது வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கறப்ப பாட்டு தயாரா இருக்கும்.”

அண்ணி எதற்கும் சட்டென்று இளகுகிறவர் இல்லை. கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற வேலை. தேதி தவறினால் பாதி ஊரிடம் பேச்சு கேட்கிற வேலை. அன்றைக்கு அவர் அண்ணன் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். பிறகு சொன்னார்.

“ஆறு மாசம் இருக்கு. டெலிவரி தேதியத் தள்ளிப்போடற வசதி எங்க ஆபீஸ்ல உண்டு. இங்க கிடையாது. ஞாபகம் வச்சுக்கோங்க.”

“ஆறு மாசமா? ஒரு ஆம்ப் வாங்கணும், ஒரு ஞாயித்துக்கிழமை வாசிக்கணும். ஒரு வாரம்மா.”

அதுவரை அண்ணன் நண்பர் ஒருவரின் ஆம்பில் வாசித்துக்கொண்டிருந்தார். நண்பர் ஆம்போடு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆகவே ஒன்று வாங்கியே ஆக வேண்டும். புதிது வாங்க வழியில்லை. பழையது. ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தின் முதல் மாதம் படிப்பில் போயிற்று.

பார்க்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் பார்க்கப் போய்விட மாட்டார். முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று பார்ப்பார். வால்வ் போட்ட ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா? வால்வ் என்றால் உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும், சூடாகும், சத்தம் இதமாக வரும், குமிழ் போனால் மாற்றுவதற்குள் நம் உயிர் போகும். டிரான்சிஸ்டர் என்றால் தொல்லை இல்லை. ஆனால் தொல்லை இல்லாத பொருளில் என்ன இருக்கிறது என்று அண்ணனுக்கு ஒரு சந்தேகம். ஐந்து வாட் போதுமா, பத்து வேண்டுமா? பத்து என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். ஐந்து என்றால் பக்கத்து அறைக்கே கேட்காதோ? ஸ்பீக்கர் எட்டு அங்குலமா, பத்து அங்குலமா? ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது எட்டு அங்குலத்தில் ஒரு வட்டமும் பத்து அங்குலத்தில் ஒரு வட்டமும் செய்தித்தாளில் வெட்டி, சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி துவைத்த துணியை எடுத்துக்கொண்டு குறுக்கே போனார்.

“எது நல்லாக் கேக்குது?” என்றார்.

“பத்துல கொஞ்சம் ஆழம் இருக்கு” என்றார் அண்ணன், யோசிக்காமல்.

இரண்டாவது மாதம்தான் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தோம். ‘தோம்’ என்கிறேன், ஏனென்றால் அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். ஓர் ஆம்பிள்ளை தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் சங்கிலி போட்டபடியே பேசுவார்கள். தங்கையோடு போனால் உட்காரச் சொல்வார்கள். தவிர, நான் குறுக்கே பேச மாட்டேன். தவிர, என் போனில் சத்தம் நன்றாகப் பதியும். இந்த மூன்று தகுதிகளுக்காக அண்ணனுடைய ஒயர், பிளக் பலகை, டார்ச், தூசி தட்டும் பிரஷ், ஒரு நாற்பது பக்க நோட்டு ஆகியவை அடங்கிய பையும் என் தோளில் ஏறியது. கிட்டாரை அவரே தூக்கிக்கொண்டார்.

விற்கிறவர் கதவைத் திறந்ததும் அண்ணன் முதலில் கேட்கும் கேள்வி, “ஏங்க விக்கறீங்க?”

இந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் சரியான பதில் கிடையாது. வீடு மாறுகிறோம் என்று சொன்னால், “எல்லாரும் இதத்தான் சொல்றாங்க” என்று என் காதில் முணுமுணுப்பார். வாசிக்க நேரமில்லை என்றால், சும்மாவே கிடந்திருக்கிறது, ஸ்பீக்கர் காகிதம் இறுகியிருக்கும். தினமும் வாசித்தேன் என்றால், அடித்து நொறுக்கியிருக்கிறார். இதைவிட நல்லது வாங்கப் போகிறேன் என்றால், அப்படியானால் இது மட்டம். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி, “அவர் போய்ச் சேர்ந்துட்டார் தம்பி, வீட்டுல யாரும் வாசிக்கறதில்ல” என்றார். அண்ணன் தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு, “எர்த் சரியா இல்லாத ஆம்பா இருக்குமோ?” என்று என்னைக் கேட்டார்.

அடுத்தது சோதனை. ஆம்பைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடு அறையில் வைப்பார். முட்டி போட்டு உட்கார்ந்து பின்பக்கத்தை முகர்வார். கருகல் வாசனை வருகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். விற்கிறவர்களும் தாங்கள் இத்தனை வருடம் ஏன் அதை முகர்ந்து பார்க்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியோடு குனிந்து முகர்வார்கள். விரல் முட்டியால் தட்டுவார். ஒவ்வொரு திருகிலும் காதை வைத்து, பெட்டகத்தைத் திறக்கிற திருடன் மாதிரி மெதுவாகத் திருகி, “கரகரங்குது” என்பார். நான் நோட்டில் ‘கரகர’ என்று எழுதிக்கொள்வேன்.

பிறகு கிட்டாரைச் சொருகாமல் ஆம்பை மட்டும் போட்டு, கையை உயர்த்துவார். அறை முழுக்க அமைதி. இதுதான் இந்தச் சடங்கின் உச்சம். அவர் இரைச்சலைக் கேட்கிறார்.

எந்த ஆம்பைப் போட்டாலும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் இருக்கும். சிலதில் கொஞ்சம், சிலதில் அதிகம். வீட்டில் பதிவு செய்கிறவருக்கு அந்த முனகல்தான் எதிரி என்று அண்ணன் எங்கோ படித்திருந்தார். தாலாட்டில் இரைச்சல் இருந்தால் குழந்தை எப்படித் தூங்கும்? ஆகவே இரைச்சல் இல்லாத ஆம்ப் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது. ஃபேனை நிறுத்தச் சொல்வார். டியூப்லைட்டை அணைக்கச் சொல்வார். குழந்தைகளை வாசலுக்கு அனுப்பச் சொல்வார். இருமுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார். ஒரு லாரி டிரைவர் வீட்டில் அவருடைய அம்மாவிடம் இன்னும் ஒரு படி மேலே போனார்.

“அம்மா, அந்த ஃபிரிட்ஜ ஒரு நிமிஷம் ஆஃப் பண்றீங்களா?”

“எதுக்குப்பா?”

“சத்தம் இதுலேர்ந்து வருதா, அதுலேர்ந்து வருதான்னு பிரிச்சுப் பாக்கணும்.”

“அது பதினாலு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்தினா மறுபடி ஓடாது. நீ ஒண்ணு வாங்கிக் குடுப்பியா?”

“ஃபிரிட்ஜா?” அண்ணன் முகம் சீரியஸாகிவிட்டது. “அது வாங்கறதுன்னா ஒரு நாலஞ்சு பாக்கணும்மா.”

எல்லாம் ஆன பிறகு கிட்டாரைச் சொருகி வாசிப்பார். எங்கே போனாலும் அந்தத் தாலாட்டைத்தான் வாசிப்பார். “தெரிஞ்ச பாட்டுலதான் வித்தியாசம் தெரியும்” என்பது அவர் கட்சி. நான் ஆம்புக்கு எதிரே ஒரு முழம் தள்ளி மண்டியிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டு நிமிடம் வாசித்து முடித்து, கடைசிக் கம்பியின் நாதம் அடங்கும் வரை காத்திருந்து, மிகவும் மரியாதையாக எழுந்து, பேண்ட் முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சொல்வார்.

“நல்லாத்தாங்க இருக்கு. இருந்தாலும் இன்னொண்ணு பாத்துட்டுச் சொல்றேன்.”

இப்போது பதினேழாவது ஆம்புக்கு வருவோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது.

அதை விற்றவர் ஒரு பல் டாக்டர். இளம் வயதில் வாசித்தாராம். ஆம்ப் கிளினிக்கிலேயே, பல் பிடுங்குகிற நாற்காலிக்குப் பக்கத்தில், பஞ்சு டப்பாவைத் தாங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் போனபோது நாற்காலியில் ஒரு நோயாளி, வாயைப் பிளந்துகொண்டு, இரண்டு கன்னத்திலும் பஞ்சு அடைத்துப் படுத்திருந்தார். மரத்துப்போக ஊசி போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமாம்.

“தாராளமா வாசிங்க சார்” என்றார் டாக்டர். “அவருக்கும் பயம் தெளியும்.”

அண்ணன் முகர்ந்தார். மருந்து வாசனையில் கருகல் வாசனை தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். தட்டினார். திருகினார். கையை உயர்த்தினார். டாக்டரின் உதவியாளர் கழுவிய கையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஆம்ப், ‘ம்ம்ம்ம்ம்’ என்றது. மற்றவை எல்லாம் முனகின என்றால் இது நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூனை மாதிரி உறுமியது.

“இரைச்சல் இருக்கே டாக்டர்.”

“இருக்கும் சார். அது சத்தம் போட்டாத்தான் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.”

அண்ணன் வாசித்தார். நான் பிடித்தேன். நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பாதிப் பாட்டில் அவர், “ஆ...” என்றார். வலியா ரசனையா தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் கட்டை விரலை உயர்த்தினார்.

“உங்களுக்காகக் கொறச்சுத் தரேன்” என்றார் டாக்டர். அவர் சொன்ன விலை எங்கள் கையிருப்புக்குள் அடங்கியது. அடங்கி, மீதியும் வந்தது. நான் முதல் முறையாக வாயைத் திறந்து, “அண்ணா” என்றேன்.

“இது சரிப்படாது” என்றார் அண்ணன், ஆம்பைப் பார்த்து. பிறகு டாக்டரைப் பார்த்து, “நல்லாத்தாங்க இருக்கு. இருந்தாலும்...” என்று ஆரம்பித்தார். நான் பையை மாட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோதுதான் பதிவை நிறுத்தவில்லை என்று கவனித்தேன்.

மூன்று வாரம் கழித்து, இருபத்துநான்கு வரை பார்த்துவிட்டு, அண்ணன் தானாகவே டாக்டருக்கு போன் செய்தார். அது நல்ல ஆம்ப்தான் என்று இப்போது தோன்றியதாம்.

“அது அன்னிக்கே போயிடுச்சு சார்” என்றார் டாக்டர். “நாற்காலில படுத்திருந்தாரே, அவர் வாங்கிட்டார். நீங்க படியிறங்கறதுக்குள்ள.”

“பல்லு வலியோடயா?”

“கன்னத்துல பஞ்சோட. பேசக்கூட முடியல சார். எழுதிக் காட்டினார்.”

அண்ணன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரில் இருந்த இரண்டு காகித வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி ஒரு மனுஷன் ஒண்ணே ஒண்ணப் பாத்துட்டு வாங்குவான்?” என்றார். அவருக்குக் கோபம்கூட இல்லை. பயமாக இருந்தது போலிருந்தது.

அண்ணிக்கு ஆறாவது மாதம் ஆயிற்று. ஏழாவது ஆயிற்று. இருபத்தொன்பதாவது ஆம்ப் ஒரு ரிப்பேர் கடையில். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் பெரிய கெடுதல் செய்கிறார்கள்.

“வீட்டுல ரெக்கார்ட் பண்ணத்தானே சார்? அதுக்கு ஆம்பே வேணாமே” என்றார். “சின்னதா ஒரு டப்பா வருது. கிட்டார அதுல சொருகி கம்ப்யூட்டர்ல குடுத்துட்டாப் போதும். எல்லா ஆம்ப் சத்தமும் உள்ளயே இருக்கும். நூறு விதம்.”

“நூறா?” என்றார் அண்ணன்.

“நூறு.”

அண்ணன் அங்கேயிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்திருப்பார்கள். அண்ணன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “நூறையும் கேக்கணுமே, நூறையும் கேக்கணுமே” என்று சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள், “நெஜ ஆம்ப் மாதிரி வராது” என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, தெம்பாக முப்பதாவதைப் பார்க்கக் கிளம்பினார்.

அண்ணி இதற்குள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். தாலாட்டு பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மட்டும், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் சொன்னார். “ஆம்ப் வேணும்னு நான் கேட்டனா? அவர் வாசிக்கறது கேக்கணும், அவ்வளவுதான். புள்ள பொறந்து, வளந்து, அதுவா போய் ஒண்ணு வாங்கிட்டு வந்து, இந்தாப்பா வாசின்னு குடுக்கும் போல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மடித்த துணியையே மறுபடி மடித்தார்.

நாற்பத்தொன்றாவது ஆம்ப், ஒரு வாடகை வேன் ஓட்டுகிறவர் வீட்டில். ஃபேன் நின்றாகிவிட்டது. விளக்கு அணைந்தாகிவிட்டது. வேன்காரரின் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஆம்பின் மேல் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் மண்டியிட்டு நீட்டியிருந்த போன் அடித்தது. அண்ணி.

“எத்தனாவதுல இருக்கார்?”

“நாப்பத்தொண்ணு அண்ணி.”

“சரி. அவசரப்படுத்தாத, பாத்துட்டே வரட்டும். வலி வந்திருச்சு, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன்.”

நான் சொன்னதும் அண்ணன் எழுந்தார். ‘நல்லாத்தாங்க இருக்கு’ என்றுகூடச் சொல்லவில்லை. கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்பு ஒன்றுதான் மாட்டினார், அதுவும் வேன்காரருடையது. வேன்காரரே எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஆம்ப் விற்கிற ஆளிடம் வாடகை பேசி ஏறியது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில், சாயங்காலம், நர்ஸ் ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நீட்டினார். பெண். முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸுக்குப் பின்னால் இன்னொரு தொட்டிலில் இன்னொரு குழந்தை வேறு இருந்தது. இவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அண்ணி மன்னிக்க மாட்டார்.

“இதுதான்” என்றார் அண்ணன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தை வீட்டுக்குள் வந்தது. பாட்டு தயாராக இல்லை. ஒரு வாரம் கழித்து அண்ணன் வேலைக்குப் போனார். பகலில் குழந்தையைத் தூங்கவைக்கும் பொறுப்பு அண்ணிக்கும் எனக்கும் வந்தது. தூங்கவில்லை. தோளில் போட்டோம், மடியில் போட்டோம், நடந்தோம், நின்றோம், எனக்குத் தெரிந்ததை முணுமுணுத்துப் பார்த்தேன். அதற்கு அழுகை கூடியது. மூன்றாம் நாள் மதியம் அண்ணி கண்ணுக்குக் கீழே கறுத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னார்.

“உன் போன்ல அவர் வாசிச்சது இருக்கும்ல?”

இருந்தது. நாற்பது இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாலாட்டு பதிவாகவில்லை என்று ஆறு மாதம் வருத்தப்பட்ட வீட்டில், அந்தத் தாலாட்டு நாற்பது தடவை பதிவாகிக் கிடந்திருக்கிறது. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் அதையெல்லாம் ஆம்ப் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாவதைப் போட்டேன். குழந்தை அழுகையை நிறுத்திக் கேட்டது. பிறகு அழுதது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கேட்கும், முகத்தைச் சுளிக்கும், அடுத்ததைப் போடு என்கிற மாதிரி காலை உதைக்கும்.

“அப்பனையே உரிச்சு வச்சிருக்கு” என்றார் அண்ணி, பீதியோடு.

பதினேழாவது. முதலில் அந்தப் பூனை உறுமல், ‘ம்ம்ம்ம்ம்’ என்று. குழந்தையின் கை விரிந்தது. அதன் மேல் அண்ணனின் கிட்டார் மெதுவாக வந்தது. பாதியில் நோயாளியின் ‘ஆ...’ வந்தது, குழந்தையும் ஒரு கொட்டாவி விட்டது. கடைசிக் கம்பி அடங்கியது. டாக்டர் விலை சொன்னதும் என் ‘அண்ணா’வும் கேட்டன, உறுமல் தொடர்ந்தது. அதற்குள்ளிருந்து அண்ணனின் குரல், மிகவும் அருகில், மிகவும் நிதானமாகச் சொன்னது: “இது சரிப்படாது.”

குழந்தை தூங்கிவிட்டது. பதினெட்டாவதைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் அதுதான். மூன்று பதிவு முன்னாலோ மூன்று பதிவு பின்னாலோ போட்டால் ஒத்துக்கொள்ளாது. ‘இது சரிப்படாது’ என்ற சொல் விழுந்தால்தான் கண் சொருகும். முதல் நாள் இரவு அண்ணன் வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். போட்டுக் காட்டினார். அண்ணன் குழந்தையின் காலடியில் உட்கார்ந்து, தன் குரலைக் கேட்டு, அது தூங்குவதைப் பார்த்தார். கண் கலங்கினார். சட்டையால் துடைத்துக்கொண்டார்.

“இரைச்சல்தான் அதுக்குப் புடிச்சிருக்கு” என்றார்.

“ஆமா.”

“நான் வேணாம்னு தள்ளின இரைச்சல்.”

“ஆமாங்க. போவட்டும். எனக்கு இது போதும், அதுக்கும் போதும்” என்றார் அண்ணி.

இத்தோடு முடித்திருக்கலாம். வாங்குகிறவராக இருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். அண்ணன் போனை வாங்கித் திரும்பக் கேட்டார். மறுபடி கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

“போன்ல புடிச்சது. அடி சத்தம் சரியா விழல. அந்த இரைச்சலோட ஒழுங்கா ஒரு தடவ ரெக்கார்ட் பண்ணிட்டா நல்லாருக்கும்ல?”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணனும் நானும் பல் டாக்டரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, அந்த நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். பஞ்சு இல்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“உள்ள வாங்க, வாங்க. நீங்க வாசிச்சதக் கேட்டுத்தாங்க வாங்கினேன். பல்லு புடுங்கினதே தெரியல. ஆனா எனக்கு வாசிக்க வரல. மூணு மாசம் பாத்தேன், விரல்தான் வீங்குது. நீங்களே எடுத்துக்கறீங்களா? நான் குடுத்த வெலையே போதும்.”

ஆம்ப் அறை நடுவில் இருந்தது. துடைத்து, பளபளவென்று. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கிய முகம். நான் பையிலிருந்து நோட்டைக்கூட எடுக்கவில்லை. அவர் ஆம்பைப் போட்டார். கையை உயர்த்தினார். நோயாளி மரியாதையாக ஃபேனை நிறுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் காதைக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. தெருவில் யாரோ குடை விரிப்பது கேட்டது.

“இரைச்சல்?” என்றார் அண்ணன்.

“அதையா கேக்கறீங்க?” நோயாளிக்குப் பெருமை தாங்கவில்லை. “நீங்க அன்னிக்குச் சொன்னீங்கள்ல, இரைச்சல் இருக்கேன்னு. அது மனசுலயே இருந்துச்சு. ஒரு ரிப்பேர் கடையில குடுத்து அடியோட எடுத்துட்டேன். இப்ப பாருங்க, ஊசி விழுந்தாக் கேக்கும்.”

இரைச்சல் இல்லாத ஆம்ப். பத்து அங்குல ஸ்பீக்கர். வீட்டில் வாசிக்க அளவான சத்தம். திருகில் கரகரப்பு இல்லை. விலை கைக்குள். ஆறு மாதமாக இந்த மனிதர் வீடு வீடாக, ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாகத் தேடிய அதே ஆம்ப், தானாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதன் மேல் கையை வைத்தார். கையை எடுத்தார். பேண்ட் முட்டியில் தூசி இல்லை; இருந்தாலும் தட்டினார்.

“நல்லாத்தாங்க இருக்கு” என்றார். “இருந்தாலும் இன்னொண்ணு பாத்துட்டுச் சொல்றேன்.”

இப்போது ஞாயிறு தோறும் நாங்கள் இரைச்சல் உள்ள ஆம்ப் தேடிப் போகிறோம். அதுவும் வெறும் இரைச்சல் போதாது, அந்த இரைச்சல். சென்ற வாரம் ஒருவர் வீட்டில் அண்ணன் கை உயர்த்திக் கேட்டுவிட்டு, “சத்தம் பத்தலைங்க, அந்த ஃபிரிட்ஜப் போடறீங்களா?” என்றார். பையில் இப்போது பால் புட்டியும் சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் கேட்டுச் சொல்வதற்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகிறோம். அது நடுவர். இதுவரை எதற்கும் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்து போனில் பதினேழைப் போட்டதும் தூங்கிவிடுகிறது.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்திருப்பீர்கள். நான் அப்படி இல்லை, எனக்கு ஒன்று பிடித்தால் அதோடு சரி என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மிகவும் நல்லது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் போன் திரையில், பிறகு பார்க்கலாம் என்று குறித்துவைத்த மேசை விளக்குகள் எத்தனை? போன வருடம் இரண்டு வெள்ளையில் எந்த வெள்ளை என்று சுவரில் பூசிப் பார்த்த இரண்டு சதுரங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றனவா? பதில் சொல்ல வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வந்து, அதோடு நிற்காமல் ‘இருந்தாலும்’ என்று இன்னொரு சொல் நாக்கு நுனிக்கு வந்தால், கதவை மட்டும் தாழிடாமல் வையுங்கள்.

நாங்கள் வருகிறோம். அண்ணன் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எப்படி உறுமுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.